இட்லித் தட்டு போட்ட சைலன்சர்

என் கணவருக்கு ஆபீஸில் சத்தத்தைக் குறைப்பதற்குத்தான் சம்பளம். ஹூஸ்டன் பக்கத்து ஆலைகளில் நீராவி வெளியேறும் குழாய்கள் ஊளையிடாமல் பார்த்துக்கொள்வது அவர் வேலை. அதே மனுஷன் கேட்டி என்ற புறநகரில் எங்கள் வீட்டு கராஜில் தன் கையாலேயே ஒரு சின்ன விமானம் கட்டினார். அதன் எஞ்சினை முதல் முறை கிளப்பியபோது நான் காதைப் பொத்திக்கொண்டு காருக்குள் போய் உட்கார்ந்துவிட்டேன். ஊருக்குத்தான் உபதேசம்.

தொண்ணூறுகளின் நடுவில் நடந்த கதை இது. மற்ற வீட்டு ஆண்கள் வீக்எண்டில் புல் வெட்டினார்கள், டென்னிஸ் ஆடினார்கள். இவர் மட்டும் அடிபட்ட ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றிலிருந்து ரோட்டரி எஞ்சினைக் கழற்றி வந்தார். அதில் பிஸ்டன் மேலும் கீழும் போகாது. மூன்று மூலை உள்ள ஒரு துண்டு உள்ளே சுற்றிக்கொண்டே இருக்கும். குலுக்கல் இல்லை, ரிப்பேர் கம்மி என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். புகை கொதிக்கக் கொதிக்க, வெடித்துக்கொண்டு வெளியே வரும் என்பதை மட்டும் சொல்லமாட்டார்.

கட்டி முடித்த விமானத்தை ஊருக்கு மேற்கே, நெல்வயலை ஒட்டிய ஒரு புல்தரை ரன்வேயில் கொண்டுபோய் வைத்தோம். இடம் ஒரு வயதான வெள்ளைக்கார அம்மாவுடையது. வேலிக்கு அந்தப் பக்கம் அவர் குதிரைகள் மேயும். எஞ்சினைக் கிளப்பினாலே அவை மிரண்டு ஓடின. "சத்தத்தைக் குறை, இல்லாவிட்டால் விமானத்தை எடுத்துக்கொண்டு போ" என்றார் அந்த அம்மா. சத்தத்தைக் கேட்டபிறகு வேறு எந்த ரன்வேக்காரரும் எங்களைச் சேர்க்கவில்லை. இங்கேயும் இடமில்லை என்றால் பறக்காமலே விற்றுவிட வேண்டியதுதான்.

அந்த வாரம் எங்கள் வீட்டில் பாட்லக், ஆளுக்கொரு பண்டம் செய்து கொண்டுவரும் விருந்து. இருபது பேருக்கு இட்லி என்று சொல்லி வைத்திருக்கிறேன். மாவு பொங்கி நிற்கிறது, குக்கரைத் திறந்தால் தட்டுகளைக் காணோம்.

"எவர்சில்வர்ம்மா, ஹீட் தாங்கும்" என்றார், கராஜிலிருந்து எட்டிப் பார்த்து. "ரெடிமேடா ஹோல் வேற இருக்கு. சைலன்சருக்குள்ள அடுக்கிட்டேன்."

வந்தவர்களுக்கு உப்புமா போட்டேன். எல்லாரும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள். அதுதான் இன்னும் எரிச்சல்.

மறுநாள் விமானத்தின் வாலைக் கட்டிவைத்து எஞ்சினைக் கிளப்பினார். நிஜமாகவே சத்தம் அடங்கியது. எனக்கே பெருமையாக இருந்தது, என் தட்டாயிற்றே. அவர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். த்ராட்டிலைக் கூட்டியதும் சைலன்சர் செக்கச்செவேலென்று பழுத்தது. தீபாவளி அணுகுண்டு மாதிரி ஒரு வெடி. இட்லித் தட்டு துண்டு துண்டாகப் புல்லில் வந்து விழுந்து புகைந்தது. குதிரைகள் வேலியை உடைத்துக்கொண்டு ஓடின. சல்வாரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நானும் அவற்றின் பின்னால் ஓடினேன். எல்லாவற்றையும் பிடித்துக் கட்டிய பிறகு அந்த அம்மா, "இன்னும் ஒரே ஒரு தடவைதான் விடுவேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

சனியன் ஒழியப்போகிறது, கராஜ் காலியாகப்போகிறது என்று சந்தோஷப்பட வேண்டியவள் நான். ஆனால் அவர் சாதத்தில் விரலால் கோடு போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை. எனக்கு இரக்கம் வந்தால் கோபமாகத்தான் வெளியே வரும்.

"ஆபீஸ்ல இதையேதானே பண்றீங்க. அங்க எப்படி சத்தம் குறையுது?"

"ஒரே ஓட்டையில ஸ்டீம விடமாட்டோம். நிறைய சின்னச் சின்ன ஓட்டை போட்டுப் பிரிச்சு விடுவோம். பைப் நல்லா திக்கா இருக்கும்."

"அப்ப இங்க மட்டும் எதுக்கு என் இட்லித் தட்டு?"

"திக்கா போட்டா வெயிட் ஏறிடும்மா. பிளேன் தாங்காது."

"அந்த வெயிட்ட நீங்க குறைங்க."

கிண்டலாகத்தான் சொன்னேன். அவர் நிமிர்ந்து, தன் தொப்பையைப் பார்த்தார். அன்றிலிருந்து நெய் கிடையாது, இரண்டாம் முறை சாதம் கிடையாது. எண்ணெய்க் கிணற்றுச் சாமான்கள் விற்கும் பழைய இரும்புக் கடையிலிருந்து கனமான ஸ்டெயின்லெஸ் பைப் வந்தது. அவர் துளை போட, நான் பைப்பை அமுக்கிப் பிடித்துக்கொண்டேன். துளை போட்ட பைப்பின் மேல் இன்னொரு பைப், நடுவில் இடைவெளி. பிள்ளைகள் கராஜ் கதவைத் திறந்து, "ஸ்டில் நாட் டன்?" என்று கேட்டுவிட்டு மூடினார்கள். சைலன்சர் தயாரானபோது அவருக்கு பேன்ட் இடுப்பில் நிற்கவில்லை.

தரையில் வைத்துச் சோதித்ததில் பைப் தாங்கியது. பறக்கும் நாளன்று அந்த அம்மா வேலியோரம் வந்து நின்றார். நானும் பக்கத்தில் போய் நின்றேன். விமானம் ஓடி, எழும்பியது. சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு மிக்ஸி ஓட்டினால் கேட்குமே, அவ்வளவுதான் சத்தம். மரங்களுக்குப் பின்னால் போனதும் அதுவும் நின்றுவிட்டது.

எஞ்சின் அணைந்துவிட்டது, மனுஷன் விழப்போகிறார் என்றே நினைத்தேன். "நின்னுபோச்சா, நின்னுபோச்சா" என்று தமிழிலேயே கேட்டு அந்த அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் அதுவரை வானத்தைப் பார்க்கவே இல்லை, குதிரைகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அவை குனிந்த தலை நிமிராமல் மேய்ந்தன. பிறகு அண்ணாந்து பார்த்து, "அதோ, ஹனி" என்று விரலை நீட்டினார். நெல்வயலுக்கு மேலே வெள்ளையாக, பொட்டுச் சத்தமில்லாமல், விமானம் திரும்பி வந்துகொண்டிருந்தது.

"இங்கேயே இருக்கட்டும்" என்றார் அந்த அம்மா. நான் அவர் கையை விடவில்லை.

இறங்கி வந்ததும் என் கணவர் கேட்ட முதல் கேள்வி, "சவுண்ட் எப்படி இருந்தது?"

"கேக்கவே இல்ல. செத்துப் பொழச்சேன். இனிமே தனியா மேல போகக் கூடாது, நானும் வரேன்."

"டெஸ்ட் முடியற வரைக்கும் வேற ஆள ஏத்தக் கூடாதும்மா. ரூல்."

"அப்ப அதுவரைக்கும் கொஞ்சம் சத்தமாவே பறங்க."