தலைச்சோலைத் தொட்டியில் ஓர் அமெரிக்க நீச்சல் போட்டி

மலைமேல் காப்பித் தோட்டங்கள் சூழ்ந்த தலைச்சோலையில், என் அண்ணன் வீட்டில் செல்போன் சிக்னல் ஒழுங்காகக் கிடைக்கும் ஒரே இடம் கோழிக்கூட்டின் மேல்தளம். வாரம் ஒருநாள் விடிந்ததும் சால்வையைப் போர்த்திக்கொண்டு, கையில் காப்பி டம்ளரோடு அதன்மேல் ஏறி உட்கார்ந்து, நான் அமெரிக்காவில் ஒரு கூட்டத்துக்குப் போய்விடுவேன். வர்ஜீனியாவில் நாங்கள் குடியிருக்கும் பகுதியில் குழந்தைகளுக்கான நீச்சல் கிளப் ஒன்று உண்டு. அதன் பெற்றோர் கூட்டம் அது. அங்கே முந்தின நாள் இரவுச் சாப்பாடு முடிந்திருக்கும். திரையில் எல்லோரும் கையில்லாத பனியனும் வெயிலில் சிவந்த மூக்குமாக இருப்பார்கள். நான் மட்டும் ஆடி மாதச் சாரலில் காதுவரை மப்ளர் சுற்றியிருப்பேன். பேசுவதற்காக நான் மைக்கைத் திறக்கும்போதெல்லாம் காலுக்குக் கீழே சேவல் கூவும். உன் அலாரத்தை மாற்றக் கூடாதா என்று ஒருவர் கேட்டார். மாற்றலாம், தீபாவளிக்குக் குழம்பு வைக்கப் போகிறோம் என்றேன். யாரும் சிரிக்கவில்லை.

கொரோனாவின் இரண்டாம் வருடம் அது. அண்ணன் மகள் கல்யாணத்துக்கு வந்து, சில வாரங்களில் திரும்புவதாக இருந்தோம், நானும் என் மகள் இனியாவும். அதற்குள் இரண்டாம் அலை அடித்தது. என் விசாவுக்கு முத்திரை குத்த வேண்டிய தூதரகம் கதவைச் சாத்திக்கொண்டது. இனியா அங்கேயே பிறந்தவள், அவளுக்கு விசா தேவையில்லை. அதற்காகப் பத்து வயதுப் பிள்ளையைத் தனியாகவா விமானம் ஏற்றுவது? கணவர் வேலையை விட்டு வர முடியாமல் அங்கே தோசையைக் கருக்கிக்கொண்டிருந்தார். இதைப் படிக்கும் உங்களில் பலர் இதே மாதிரி எங்காவது மாட்டிக்கொண்டிருந்திருப்பீர்கள், அதனால் விளக்க வேண்டியதில்லை. எனக்கு விசாவைவிடப் பெரிய கவலை இனியாதான். தொற்று தொடங்கியதிலிருந்து அவள் இன்னொரு குழந்தையின் கையைத் தொட்டதில்லை. கல்யாண மண்டபத்தில் சொந்தக்காரப் பிள்ளைகள் பக்கத்தில் வந்தபோது, யாரும் சொல்லாமலே இரண்டடி பின்னால் போய் நின்றாள். மாஸ்க்குக்கு மேலே கண்கள் மட்டும் அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தன.

அதற்கு முந்தைய கோடைகளில் அவளை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். வர்ஜீனியாவில் சனிக்கிழமைக் காலை என்றால் நீச்சல் போட்டிதான். குளத்தைச் சுற்றிக் கூடாரம் போட்டு, ஐஸ் பெட்டியும் மடக்கு நாற்காலியுமாக ஒரு திருவிழாக் கூட்டமே வந்து இறங்கும். பிள்ளைகளின் கையில் அவர்கள் எந்தப் பந்தயத்தில் எந்தத் தடத்தில் நீந்த வேண்டும் என்று மார்க்கரில் எழுதிவிடுவார்கள். நம்மூர்ச் சந்தையில் ஆட்டுக்குக் குறி வைப்பது மாதிரி இருக்கிறதே என்று முதல் வருடம் நான் திகைத்துப் போனேன். பெற்றோர் எல்லோரும் ஏதாவது வேலை செய்தாக வேண்டும். நீந்தவே தெரியாத எனக்கு நேரம் குறிக்கும் வேலை கொடுத்தார்கள். கழுத்தில் ஸ்டாப்வாட்ச்சை மாட்டிக்கொண்டு, கலெக்டர் மாதிரி நடப்பேன். பிறகு கொரோனா வந்தது, குளத்தைப் பூட்டினார்கள். அடுத்த கோடையில் திறப்பதா வேண்டாமா என்பதுதான் நான் கோழிக்கூட்டின் மேலிருந்து கேட்டுக்கொண்டிருந்த விவாதம்.

அந்த விவாதம் லேசில் முடிகிற ஜாதி இல்லை. திறந்தவெளிதானே, பிள்ளைகளை விடுங்கள் என்றது ஒரு கட்சி. பெற்றோர் காரைவிட்டு இறங்கவே கூடாது என்றது இன்னொரு கட்சி. கத்தி உற்சாகப்படுத்தினால் எச்சில் தெறிக்குமாம், ஆகையால் கைதட்ட மட்டும் அனுமதி. ஈர மாஸ்க்கில் மூச்சு விட முடியுமா என்று ஒரு வாரம் பேசினார்கள். கூட்டத்தை நடத்திய லிண்டா கடைசியில் ஒரு வழி சொன்னார். ஊரில் இல்லாத குழந்தைகள், இருக்கும் இடத்திலேயே நீந்தலாம், வீடியோ அழைப்பில் நாங்கள் பார்க்கிறோம், பெரியவர் ஒருவர் நேரம் குறித்தால் போதும். நான் கோழிக்கூட்டிலிருந்து குதித்து இறங்கி இனியாவிடம் ஓடினேன். அவள் யோசித்துவிட்டுச் சொன்னாள். "தனியா நீந்தினா அது ரேஸ் இல்லம்மா. பக்கத்து லேன்ல ஒரு ஆள் வேணும்." ஒன்றரை வருடத்தில் அவளாக வாய்திறந்து இன்னொரு குழந்தை வேண்டும் என்று கேட்டது அதுதான் முதல் தடவை.

என் அண்ணன் எஸ்டேட்டில் ரைட்டர், அதாவது ஆட்களையும் கணக்கையும் பார்த்துக்கொள்பவர். காப்பிப் பழம் அலசுவதற்கு நீர் சேர்த்து வைக்கும் பெரிய சிமென்ட் தொட்டி ஒன்று அங்கே மேட்டில் இருக்கிறது, மேடு என்பதால் அங்கேயும் சிக்னல் எடுக்கும். பெரியவர்களுக்கு இடுப்பளவு ஆழம். பறிப்புக் காலம் வரும்வரை அதற்கு வேலையில்லை. முதலாளியிடம் அண்ணனே கேட்டு அனுமதி வாங்கினார். அடுத்த கூட்டத்தில் லிண்டா விசாரித்தார். உயிர்காக்கும் காவலர் உண்டா? உண்டு, என் அண்ணன். அவர் தேர்ந்த நீச்சல்காரரா? நீந்தத் தெரியாது, ஆனால் நின்றாலே போதும். வேறு ஆபத்து ஏதாவது? காட்டெருமைகள் சாயங்காலம்தான் வரும், காலையில் வராது என்றேன். அங்கே விளையாட்டு அணிகளுக்குக் காட்டெருமை, கரடி என்றுதான் பெயர் வைப்பார்கள் என்பது எனக்கு அப்போது நினைவில் இல்லை. லிண்டா மிகுந்த அக்கறையோடு கேட்டார், "அவர்கள் எல்லோரும் தடுப்பூசி போட்டுக்கொண்டார்களா?"

உண்மையான கூட்டம் அதற்கப்புறம்தான் நடந்தது. எஸ்டேட் தொழிலாளர்களின் லைன் வீடுகளில் இருக்கும் அம்மாமார்கள் காப்பி காயப்போடும் களத்தில் தள்ளித் தள்ளி உட்கார்ந்தார்கள். நான் விஷயத்தைச் சொன்னேன். ஒரு பெண் மாஸ்க்கை இறக்கிவிட்டுக் கேட்டார்.

"ஏனுங்க அம்மிணி, அந்த ஊருலதான் நொம்பப் பேரு செத்தாங்கன்னு டிவியில காட்டுனான். அங்கிருந்து வந்த புள்ளகூட எங்க புள்ளைங்கள எப்படிங்க எறக்கறது?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான் இத்தனை நாளாக அவர்கள் பிள்ளைகளைப் பார்த்து இனியாவை உள்ளே இழுத்துக்கொண்டிருந்தேன். அவர்கள் எங்களைப் பார்த்துத் தங்கள் பிள்ளைகளை இழுத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். ஆனால் காப்பி பறிக்கும் செல்வியக்கா பேசியதும் சிரிப்பு நின்றது. இனியா வயதில் அவருக்கு ஒரு மகள், கோமதி.

"நோவு கெடக்குது வுடுங்க. சாரல்ல நனைஞ்சு ஒரு புள்ள தும்முச்சுன்னா என்னங்க பண்றது? நர்சம்மா மூக்குல குச்சிய உட்டுப் பாப்பாங்க. லைன் ஊட்டுக்கே தகரம் அடிச்சுருவாங்க. ஒருத்தரும் வேலைக்குப் போவ முடியாது. உங்களுக்கு விசான்னா எங்களுக்குத் தகரமுங்க."

நீந்தி ஏறியதும் பிள்ளைகள் குளிர்காய அடுப்பு மூட்டி வைக்கிறேன், சுடச்சுட மிளகுக் கஷாயம் தருகிறேன், இருமல் சளி உள்ள பிள்ளை வேண்டாம் என்றேன். வர்ஜீனியாக் கூட்டத்தில் கற்றதையெல்லாம் அவிழ்த்துவிட்டேன். தொட்டிக்கரை வரைக்கும் மாஸ்க், தடத்துக்கு ஒரு பிள்ளை, முந்தின சாயங்காலமே தண்ணீரில் பிளீச்சிங் பவுடர். அவர்கள் குசுகுசுவென்று பேசிக்கொண்டார்கள். பிறகு செல்வியக்கா அவர்கள் தரப்பு நிபந்தனையைச் சொன்னார்.

"இந்த ஆடிக்கு மாரியாயி கோயிலையும் பூட்டிப்போட்டாங்க. ஆத்தாளுக்கு மஞ்சத்தண்ணி ஊத்தவே இல்லீங்க. வேப்பந்தழையும் மஞ்சளுமாத் தொட்டில ஊத்திட்டு எறக்கறதுன்னா எங்களுக்குச் சம்மதம்."

மஞ்சள் நல்லதுதானே என்று நானும் தலையாட்டிவிட்டேன்.

அமெரிக்காவில் நம்ம தொட்டியைப் பார்க்கப் போகிறார்கள் என்ற குஷியில் அண்ணன் எங்களிடம் சொல்லாமல் ஒரு காரியம் செய்தார். முந்தின நாள் தொட்டியின் உட்சுவர் முழுக்கப் பளிச்சென்று சுண்ணாம்பு அடித்து, காய்ந்தும் காயாமலும் தண்ணீரை விட்டார். அதன்மேல் என் பிளீச்சிங் பவுடர். காலையில் மூடுபனி விலகும்போது தொட்டி அழகாகத்தான் இருந்தது. துணிக்கொடியில் காலி எண்ணெய்ப் பாட்டில்களைக் கட்டித் தடம் பிரித்திருந்தோம். நடுவில் அண்ணன் வேட்டியை மடித்துக் கட்டி, மாஸ்க்கோடு, இடுப்பளவுத் தண்ணீரில் பல் தந்தியடிக்க நின்றார். கரையில் நட்ட கழியில் போன் கட்டியிருந்தது. அதில் லிண்டாவும் மற்றவர்களும், ஒரு மூலைக் கட்டத்தில் என் கணவரும் தெரிந்தார்கள். அம்மாமார்கள் குடங்களோடு வந்தார்கள். ஆத்தாளை நினைத்துக் கும்பிட்டு, மஞ்சள் தண்ணீரைச் சுற்றிலும் நின்று ஊற்றினார்கள்.

மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று நம் வீட்டுக் குழந்தைக்கும் தெரியும். எங்கள் ஒருவருக்கும் அது தோன்றவில்லை. குடம் குடமாகச் சிவப்பு விரிந்தது. அண்ணன் நின்ற இடத்தைச் சுற்றிச் சிவந்தது, அவர் வேட்டி சிவந்தது, பிறகு தொட்டியே சிவந்தது. போனில் லிண்டா வீறிட்டார். அது ரத்தமா என்று கேட்டார். இல்லை, இது வரவேற்பு, விருந்தாளிகளுக்குத் தட்டில் கரைத்துச் சுற்றுவோம் என்றேன். இவ்வளவு வரவேற்பா என்றார். பிறகு நிதானித்து, தண்ணீரில் அடி தெரியாவிட்டால் போட்டியை நிறுத்துவதுதான் எங்கள் வழக்கம் என்று மெதுவாகச் சொன்னார். அவர் சொன்னதில் தப்பே இல்லை. கரையில் இனியா கிளப்பின் நீலத் தொப்பியும் கண்ணாடியுமாக, கால்விரல்களை விளிம்பில் வளைத்து நின்றாள். பக்கத்தில் கோமதி சுடிதாரோடு நின்றாள். இருவருக்கும் நடுவில் அதே இரண்டடி.

"யாரும் கலக்காமயே ஆரத்தி கலந்துருச்சுங்க" என்றார் செல்வியக்கா. "நீங்க வந்தன்னைக்கு வாசல்ல கொரோனா நோட்டீசுதான ஒட்டுனாங்க, யாரும் சுத்திப் போடல. ஆத்தாளே சுத்திட்டா. எறங்கு சாமி, எறங்கு கண்ணு."

லிண்டாவிடம், இடுப்பளவுதான், ஆள் நிற்கிறார், நான் பொறுப்பு என்றேன். விசில் ஊதினேன்.

இனியா அம்பாகப் பாய்ந்தாள். கோமதியும் மற்ற தடங்களில் நின்ற லைன் வீட்டுப் பிள்ளைகளும் தலையைத் தூக்கிக்கொண்டு, கைகாலை அடித்துக்கொண்டு பின்னால் போனார்கள். எதிர்ச்சுவரை நெருங்கியதும் இனியா தலைகீழாகக் குட்டிக்கரணம் போட்டுத் திரும்பினாள். போட்டி நீச்சலில் எல்லோரும் செய்வதுதான். தலைச்சோலை அதைப் பார்த்ததில்லை. அவர்கள் பார்த்தது, சிவப்புத் தண்ணீரில் ஒரு பிள்ளை மூழ்கியதையும், இரண்டு கால் மேலே எழும்பி மறைந்ததையும்தான். "புள்ள போச்சு" என்று கரை அலறியது. அண்ணன் பாய்ந்து தண்ணீரைக் குடித்தார். அதற்குள் கோமதி பாட்டில் கயிற்றைத் தாண்டிப் போய், சுவரை உதைத்துப் பறந்துவந்த இனியாவை இடுப்போடு கட்டிப் பிடித்துத் தூக்கி நிறுத்தினாள். விடவே இல்லை. "பயப்படாத, நான் புடிச்சுட்டேன், பயப்படாத" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

இனியா திமிறினாள். ரேஸைக் கெடுத்துட்டே என்று ஆங்கிலத்தில் கத்தினாள். கத்திக்கொண்டிருக்கும்போதே அவள் முகம் கோணி, சிரிப்பாக மாறியது. விக்கல் வருமளவுக்குச் சிரித்தாள். சிரித்துச் சாய்ந்து கோமதியின் தோளிலேயே முகத்தைப் புதைத்துக்கொண்டாள். எனக்கு ஸ்டாப்வாட்ச்சை நிறுத்தக்கூடத் தோன்றவில்லை. அழுதேன், சிரித்தேன், மாஸ்க் நனைந்து மூச்சு முட்டியது. கைதட்ட மட்டும்தான் அனுமதி என்று யாரும் அந்தக் கரைக்குச் சொல்லியிருக்கவில்லை, எச்சில் தெறிக்கத் தெறிக்க ஊரே கத்தியது.

லிண்டா தொண்டையைச் செருமிக்கொண்டு, பக்கத்தில் நீந்துபவரைத் தொட்டால் விதிப்படி தகுதி நீக்கம்தான், மிகவும் வருந்துகிறேன் என்றார். இனியா அதைக் கோமதிக்கு மொழிபெயர்த்தாள். "நாம ரெண்டு பேரும் அவுட்டு."

"அவுட்டுன்னா மறுக்கா ஆடலாமல்ல?" என்றாள் கோமதி.

இனியா தன் நீலத் தொப்பியைக் கழற்றி அவள் தலையில் மாட்டிவிட்டாள், கண்ணாடியையும் கொடுத்தாள். இருவரும் முகமெல்லாம் மஞ்சளும் சிவப்புமாக, தோளில் கைபோட்டபடி போனை நோக்கி வந்தார்கள். சாரல் வலுத்து, படம் விட்டுவிட்டுத் தெரிந்திருக்கும் போல. அந்தத் துணிச்சல்காரச் சிறுமிகளில் நம்முடைய இனியா யார் என்று லிண்டா கேட்டார். மூலைக் கட்டத்திலிருந்து என் கணவர் மைக்கைத் திறந்தார். குரலில் பெருமை பொங்கியது.

"தொப்பி போட்டிருக்கிறாளே, அவள்தான் என் மகள்" என்றார். "எவ்வளவு வளர்ந்துவிட்டாள் பாருங்கள்."

திருத்தலாம் என்று போன் பக்கம் போனேன். இனியாவின் காதிலும் அது விழுந்துவிட்டது. அவள் கோமதியின் கையைப் பிடித்து உயரே தூக்கி, அதை அப்பாவைப் பார்த்து ஆட்டினாள்.