புல் முளைக்காத தரை

என் கம்ப்யூட்டரில் படம் ஓட்டும் கிராபிக்ஸ் கார்டு செத்ததற்குத் துக்கம் விசாரிக்க வந்த ஒரே ஆள் எங்கள் கேப்டன், கொருக்குப்பேட்டைக்காரன். ஞாயிறு மதியங்களில் நாங்கள் நான்கு பேர் அவரவர் வீட்டிலிருந்து கம்ப்யூட்டரில் சேர்ந்து ஆடும் துப்பாக்கிச் சண்டைக்கு அவன்தான் தலைவன். எண்ணூரில் ஜன்னலைத் திறந்தால் உப்புக்காற்றும் கரித்தூளும்தான். கார்டு துருப்பிடித்து, விசிறி அடைத்துப் போயிருந்தது.

"இன்னா மாமு, மீன் வறுத்த சட்டி மாதிரி கீது" என்றான் கேப்டன். "புதுசு வாங்கற வரைக்கும் வெளிய குந்து. பொங்கலுக்கு எம்.கே.பி. நகர் பசங்களோட மேட்ச் கீது."

வாரம் ஆறு நாள் கன்டெய்னர் யார்டில் லாரி நம்பர் எழுதுகிறவன் நான். எனக்கென்று இருந்தது அந்த மதியம் ஒன்றுதான். அது போனதில் அழுகையே வந்தது.

கடைக்காரர் "அடுத்த வாரம் விலை இறங்கும்" என்பதை மூன்று மாதமாகச் சொன்னார். வீடியோவில் அறிவுரை வழங்கும் மேதாவிகளோ இப்போது வாங்காதீர்கள் என்றார்கள். எப்போது வாங்கலாம் என்று மட்டும் ஒரு மகானும் வாய் திறக்கவில்லை. நான் ப்ராசஸரோடு ஓசியில் வந்த கிராபிக்ஸை வைத்துத் தனியாக ஆடினேன். படத் தரத்துக்கான எல்லா செட்டிங்கையும் அடிமட்டத்துக்கு இறக்கினால்தான் படமே நகரும். மரம் கம்பமாக நின்றது. புல் முளைக்கவே இல்லை.

ஒரு ஞாயிறு எங்களில் ஒருவன் கல்யாணத்துக்குப் போய்விட, கேப்டன் வேண்டாவெறுப்பாக என்னைக் கூப்பிட்டான். அன்றுதான் பார்த்தேன். தங்கள் திரையில் தெரிந்த இடுப்பளவு புல்லுக்குள் ஒளிந்திருப்பதாக நினைத்துக்கொண்டு, எதிரணி மகாராஜாக்கள் என் திரையில் மொட்டைத் தரையில் குப்புறக் கிடந்தார்கள். வரிசையாகச் சுட்டேன்.

"அங்க ஒண்ணியும் இல்லியேடா, யாரடா சுடுற?" என்று ஹெட்செட்டில் கத்தினான் கேப்டன். பிறகு, "உன் கண்ணுல இன்னாதான் வெச்சினு கீற மாமு!"

பயிற்சி என்று சொல்லிவைத்தேன். காசு கொட்டிக் கார்டு வாங்கிய எவனும் செட்டிங்கை இறக்கி ஆடமாட்டான். தோற்றாலும் ஒவ்வொரு இலையும் தெரிந்தாக வேண்டும் அவர்களுக்கு. அந்தத் திமிரில்தான் என் பிழைப்பு ஓடியது. என் இடமும் திரும்பக் கிடைத்தது.

பொங்கலுக்கு முந்தின வாரம் விலை இறங்கியது. வாங்கிவிட்டேன்.

மேட்ச் அன்று காலை கார்டை மாட்டி, எல்லா செட்டிங்கையும் உச்சத்துக்கு ஏற்றினேன். புல் வந்தது. காற்றில் சாய்ந்து நிமிர்ந்தது, நுனியில் வெயில் விழுந்தது. வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தபோதே சுட்டுவிட்டார்கள். முதல் சுற்று போனது. அடுத்ததிலும் நான்தான் முதல் பிணம்.

"எங்கடா கீறானுங்க? சொல்லேன்!" என்றான் கேப்டன்.

கடைசிச் சுற்றுக்கு ஒரு நிமிடம் இருந்தது. செட்டிங்கை இறக்க அதில் பாதி போதும். மவுஸைக் கையில் பிடித்தபடி அந்தப் புல்லையே பார்த்தேன். மூன்று மாதம் காத்திருந்து வாங்கியது. இறக்க மனம் வரவில்லை.

தோற்றோம். அடுத்த ஞாயிறு என் இடத்தில் தண்டையார்பேட்டைக்காரன் ஒருவன் ஆடினான். கார்டு வாங்க வசதியில்லாதவனாம், ஆனால் கண் அபாரம் என்றான் கேப்டன்.

நான் வெளியே குந்தியிருக்கிறேன். புல் நன்றாகத்தான் தெரிகிறது.