நாவல்பழத்துக்கு மாஞ்சோலை என்று பெயர்

திருநெல்வேலியில் பகல் பதினோரு மணிக்குக் குழாயைத் திறந்தால் வெந்நீர் வருகிறது. மூன்றாவது மாடியில் அரசு எங்களுக்கு ஒதுக்கிய வீட்டில் குடியேறிய முதல் வாரம், குழாயில் ஏதோ கோளாறு என்று நினைத்துக் கீழ்வீட்டுக்காரரிடம் போய்ச் சொன்னேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “கோடையில வெந்நிதாம்மா வரும். மேல டேங்கு காயுதுல்லா?” என்றார். நாற்பத்து மூன்று வயதுக்காரி இதுகூடத் தெரியாமல் கேட்கிறாளே என்று அவருக்குச் சிரிப்பு. நான் பிறந்து வளர்ந்த மாஞ்சோலைத் தேயிலை எஸ்டேட்டில் குழாய்த் தண்ணீர் விரல்களை மரத்துப்போக வைக்கும். காலையில் முகம் கழுவுவதற்கே மனதைத் திடப்படுத்திக்கொள்ள வேண்டும்.

வெளிநாடு போனவர்கள் எழுதும் கட்டுரைகளை வாசித்திருக்கிறேன். பனியைப் பற்றி, ரயிலில் யாரும் யாரோடும் பேசாததைப் பற்றி எழுதுவார்கள். நான் கடல் தாண்டியவள் இல்லை. பாஸ்போர்ட்டைக் கண்ணால் பார்த்ததில்லை. ஒரு மலைப்பாதைப் பேருந்தில் கீழே இறங்கினேன், அவ்வளவுதான். “இதே ஜில்லாவுக்குள்ள இடம் மாறுனதுக்கு என்னத்துக்கு இவ்வளவு பொலம்பல்?” என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு. அவர்களுக்காகவும், காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து என்று மேலே அடுத்தடுத்த எஸ்டேட்டுகளில் ஒன்றாக இருந்து, இன்று திருப்பூரிலும் கேரளத்திலும் யார் யார் வீட்டுப் பக்கத்திலோ இருக்கும் என் ஆட்களுக்காகவும் இதை எழுதுகிறேன். கோபத்தில்தான் எழுதுகிறேன். ஆறட்டும் என்று பார்த்தேன், ஆறவில்லை.

கீழே வந்ததும் எனக்குக் கிடைத்த வேலை ஒரு பேக்கரியில் தட்டு கழுவுவது. கடைக்காரரின் பெயர் இங்கே வேண்டாம், அண்ணாச்சி என்றே சொல்கிறேன். கப்கேக் என்ற சொல்லையே அங்கேதான் முதலில் கேட்டேன். கிண்ணம் அளவு கேக், அதன் தலையில் சுருள் சுருளாக ஒரு வெண்ணெய்க் கிரீடம். அதற்கு ஃபிராஸ்டிங் என்று பெயர். கழுவிக்கொண்டே பார்த்தேன், பார்த்துப் பார்த்துக் கற்றேன். ஒருநாள் மாஸ்டர் வராதபோது நானே செய்தேன். அதன்பிறகு தட்டு கழுவுகிற வேலை போய், கிரீம் அடிக்கிற வேலை என்னுடையதானது. இருபத்தைந்து வருடம் தேயிலைக் கொழுந்து பறித்த விரல்கள் இவை. எவ்வளவு அழுத்த வேண்டும், எங்கே விட வேண்டும் என்பது அவற்றுக்குத் தெரியும்.

ஆனால் அந்த எசன்ஸ் வாடை எனக்கு ஆகவில்லை. ஸ்ட்ராபெரி என்று எழுதிய குப்பியைத் திறந்தால் தலைவலி வந்துவிடும். அப்போது ஆனி மாதம். மேலே என்னோடு ஒரே வரிசையில் கொழுந்து பறித்த பாக்கியம் அக்கா, சேரன்மகாதேவியில் வாய்க்கால் கரை மரங்களின் நாவல்பழத்தைக் கூடையில் கொண்டுவந்து, எங்கள் கடைக்கு எதிரே நடைபாதையில் விற்றுக்கொண்டிருந்தாள். நான் அவளிடம் ஒரு கூறு வாங்கினேன். கொட்டை நீக்கி, சதையைச் சர்க்கரையும் எலுமிச்சைச் சாறும் சேர்த்துச் சுண்டக் காய்ச்சி, வடிகட்டி, நன்றாக ஆறவைத்து, அடித்த வெண்ணெயில் கரண்டி கரண்டியாகக் கலந்தேன். மொத்தமாக ஊற்றினால் திரிந்துவிடும். ஏ.சி. அறைக்குள்தான் கலக்க வேண்டும், வெளியே கொண்டுவந்தால் இந்த ஊர் வெயிலில் ஐந்து நிமிடத்தில் வழிந்துவிடும். கத்திரிப்பூ நிறத்தில் வந்தது. இனிப்புக்குப் பின்னால் லேசான துவர்ப்பு. அண்ணாச்சி ஒன்றை வாயில் போட்டுவிட்டு இன்னொன்றையும் எடுத்துக்கொண்டார். பிறகு, “ஏம்மா ரோஸ்லின், இத நாளைக்கு நெறைய போடு” என்றார். அன்று வீட்டுக்கு நடந்தபோது, கீழே வந்த பிறகு முதல் தடவையாக, நான் யாருக்கும் பாரமில்லை என்று நினைத்தேன்.

இரண்டு வாரம் கழித்து, “உன் பழைய போட்டோ ஏதாவது இருந்தா அனுப்பும்மா, மலையில எடுத்தது” என்று கேட்டார். எதற்கென்று கேட்காமல் அனுப்பினேன். அது என் தப்பு. என்னிடம் இருந்த நல்ல படம் ஒன்றே ஒன்றுதான். எஸ்டேட்டில் நாங்கள் கடைசியாகக் கொழுந்து பறித்த நாளில் எடுத்தது. பாக்கியம் அக்கா என் தோளில் கை போட்டிருக்கிறாள். நாங்கள் இருவரும் சிரிப்பதுபோல் இருக்கும். சிரிக்கவில்லை. படம் எடுத்தவன் சிரிக்கச் சொன்னான், முகத்தை அப்படி வைத்துக்கொண்டோம். எடுத்து முடித்ததும் பாக்கியம் அக்கா கூடையைத் தரையில் போட்டுவிட்டு அதன்மேலேயே உட்கார்ந்துவிட்டாள். எழுப்பிக் கூட்டிவர வெகு நேரம் ஆனது.

அடுத்த திங்கட்கிழமை கடை வாசலில் ஓர் ஆள் உயர ஃபிளெக்ஸ் தொங்கியது. பின்னால் பச்சைப் பசேலென்று தேயிலை மலை. முன்னால் நான். ‘மாஞ்சோலை பெர்ரி கப்கேக். மலைமகளின் கைப்பக்குவம்.’ உண்மையைச் சொல்லிவிடுகிறேன், முதல் நொடியில் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. என் முகம் அவ்வளவு பெரிதாக எங்கேயும் வந்ததில்லை. அப்புறம்தான் என் தோளைப் பார்த்தேன். பாக்கியம் அக்காவை வெட்டி எடுத்துவிட்டார்கள். அவளுடைய கை மட்டும் மணிக்கட்டோடு என் தோளில் இருந்தது. எதிரே பழக்கூடையோடு உட்கார்ந்திருந்தவள் எழுந்து வந்து ஃபிளெக்ஸ் முன்னால் நின்றாள்.

“ஏட்டி, என் கை மட்டும் அங்கன தொங்குது. ஆள எங்கட்டி?”

நான் நேராக உள்ளே போய் அண்ணாச்சியிடம் கேட்டேன். “பழம் சேரன்மகாதேவி பழம். விக்குதது பாக்கியக்கா. மாஞ்சோலைன்னு ஏன் போட்டிருக்கிய?”

“சேரன்மகாதேவி நாவப்பழம்னு போட்டா எவன்மா வாங்குவான்? மாஞ்சோலைன்னா சனத்துக்கு ஒரு குளுமை. நீ அங்கனக்காரிதான? அதுல பொய் என்ன இருக்கு?”

“மேல காட்டு நாவலை மந்தியும் கரடியும் திங்கும் அண்ணாச்சி. பறிக்க நாங்க அங்கன இல்ல.”

“உனக்கும் ஒரு பேருதான? பேசாம வேலையப் பாரு.”

பேசாமல் வேலையைப் பார்த்தேன். ஒரு வாரம். அதை நினைத்தால் அண்ணாச்சி மேல் வருகிற கோபத்தைவிட என் மேல்தான் அதிகம் வருகிறது. ஒவ்வொரு காலையும் தலையைக் குனிந்துகொண்டு என் முகத்தையே கடந்து உள்ளே போனேன். அந்தக் கையைப் பார்க்கக் கூடாது என்று பார்த்துக்கொண்டேன்.

எட்டாம் நாள் ஓர் அம்மா வந்தார். நல்ல அம்மாதான், குரலில் கெட்டது எதுவும் இல்லை. ஃபிளெக்ஸைப் பார்த்து, என்னைப் பார்த்து, கையைப் பிடித்துக்கொண்டார். “நீங்கதானா அது? போன வருசம் நாங்க அங்க டூர் போயிருந்தோம். சொர்க்கம்! அவ்வளவு ஜில்லுன்னு இருக்கிற எடத்த விட்டுட்டு இந்த வெயிலுக்கு ஏன் எறங்கி வந்தீங்க? பிள்ளைங்க படிப்புக்கா?”

நாங்கள் ஏதோ வசதிக்காக வீடு மாறியதாக நினைத்துக்கொண்டார். நாலு தலைமுறையாக ஒரு மலையைத் தோட்டமாக வைத்திருந்த சனம், கம்பெனி எஸ்டேட்டை மூடி, மலை காட்டிலாகாவுக்குப் போனதும் சட்டி பானையை லாரியில் ஏற்றிக்கொண்டு இறங்கியது, தாமிரபரணி பாயும் இதே பள்ளத்தாக்கில் இருக்கும் அவருக்குத் தெரியவில்லை. மலை தெரிகிறது, அங்கே உள்ள குளிர் தெரிகிறது, அருவி தெரிகிறது. நாங்கள் மட்டும் தெரியவில்லை.

“வரலம்மா. எறக்கி விட்டாவ,” என்றேன். கடையில் இருந்த எல்லாருக்கும் கேட்கும்படிதான் சொன்னேன். “இதுல இருக்கது மலைப் பழம் இல்ல. அந்தா, எதுத்தாப்புல கூடை வச்சிருக்காவள்லா, அவியகிட்ட வாங்குன சேரன்மகாதேவி நாவப்பழம். அந்தப் படத்துல என் தோள்ல இருக்க கை அவியளோடதுதான்.”

அந்த அம்மா சங்கடத்தோடு அண்ணாச்சியைப் பார்த்தார். “அப்ப இது ஆர்கானிக் இல்லையா?” என்று கேட்டார். நான் சொன்னதில் அவருக்குக் கேட்டது அவ்வளவுதான். வாங்கிய கேக் பெட்டியை மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

அண்ணாச்சி சத்தம் போடவில்லை. “நாளையிலருந்து வராண்டாம்மா,” என்றார். அவருக்கும் முகம் வாடித்தான் இருந்தது. நான் ஏப்ரனைக் கழற்றி மடித்து வைத்தேன். பிறகு ரொட்டி அறுக்கும் கத்தியை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய், ஸ்டூலைப் போட்டு ஏறினேன். தெருவில் போனவர்கள் நின்றுவிட்டார்கள். என் உருவத்தைச் சுற்றி, தோளில் இருந்த கையும் சேர்ந்து வரும்படி அறுத்து எடுத்தேன். மலையை அப்படியே விட்டுவிட்டேன். அது என்னுடையதும் இல்லை, அவருடையதும் இல்லை. கத்தியைக் கழுவி இருந்த இடத்தில் வைத்துவிட்டுத்தான் வெளியே வந்தேன்.

இதனால் ஊர் திருந்திவிட்டது என்று எழுத ஆசைதான். இல்லை. வேறொரு பெண்ணின் படத்தோடு புது ஃபிளெக்ஸ் வந்துவிட்டது. மாஞ்சோலை பெர்ரி என்ற பெயரில் எசன்ஸ் கலந்த கப்கேக் இன்றைக்கும் விற்கிறது. நானும் பாக்கியம் அக்காவும் ஒரு பழைய ஓவனை வாங்கி, காலையில் வெயில் ஏறுவதற்குள் செய்து, ஐஸ் பெட்டியில் வைத்து, ஒரு பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் விற்கிறோம். அட்டையில் ‘நாவல்பழக் கேக்’ என்றுதான் எழுதியிருந்தோம். நாவல்பழக் காலம் முடிந்ததும் கொய்யாவுக்கு மாறினோம், அட்டையையும் மாற்றினோம். சில நாள் விற்றுவிடும், சில நாள் மீந்துவிடும். மீந்ததைச் சாப்பிட்டுக்கொண்டே பாக்கியம் அக்கா சொல்வாள்: “பேரு சரியா இருந்தா தொண்டைக்குள்ள எறங்குதுட்டி.”

என் அப்பாவை அடக்கம் செய்தது மேலே. அவருடைய நினைவு நாளுக்காகப் போன மாதம் நாங்கள் இருவரும் மெழுகுவத்தியும் பூவும் எடுத்துக்கொண்டு மலைக்குப் பேருந்து ஏறினோம். அடிவாரத்தில் காட்டிலாகாவின் சோதனைச் சாவடி. மேலே போகிறவர்கள் நோட்டில் எழுத வேண்டும். காவலுக்கு இருந்த தம்பி மரியாதையாகவே பேனாவைக் கொடுத்தார். பெயர், ஊர், போகும் இடம், காரணம். எல்லாம் எழுதிவிட்டேன். கடைசிக் கட்டத்தில் ‘திரும்பும் நேரம்’ என்று போட்டிருந்தது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். காலை ஒன்பதரை. நான் ஊர் திரும்புவது அப்போதுதானே, அதையே எழுதினேன்.

“அக்கா, தப்பா எழுதிட்டிய. சாயந்திரம் நீங்க கீழ வார நேரத்தப் போடணும்,” என்று சொல்லி, அந்தத் தம்பியே ஒரு கோடு கிழித்து, பக்கத்தில் ஐந்து என்று எழுதினார். பேருந்து ஹாரன் அடித்தது. அந்த நோட்டில் என் பெயருக்கு நேராக இரண்டு நேரங்களும் இருக்கின்றன. அடித்த ஒன்பதரையை இப்போதும் வாசிக்க முடியும்.