கடலுக்கு எடுத்த சட்டை

மாலை நேர ஆவடி ரயிலில், பெண்கள் பெட்டியில், கால் தரையில் படாமல் நின்ற நாட்கள் உண்டு. நாலு பக்கமும் உடம்புகள் தாங்கிக்கொள்ளும். அம்பத்தூரில் கூட்டம் இறங்கிய பிறகுதான் செருப்பு தரையைத் தொடும். கடலுக்கு அடியில் போகும் ஆசை எனக்கு அந்தப் பெட்டியில்தான் வளர்ந்தது.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. நான் ஒரு நாளிதழில் உதவி ஆசிரியராக இருந்தேன். ஞாயிறு இணைப்புக்கு ஒரு படம் வந்தது. தீவுக் கடலின் ஆழத்தில் ஒரு பெண் கைகளைக் கட்டிக்கொண்டு அசையாமல் இருந்தாள். நிற்கிறாள் என்றும் சொல்ல முடியாது, மிதக்கிறாள் என்றும் சொல்ல முடியாது. முதுகில் சிலிண்டர், மார்பைச் சுற்றிக் கையில்லாத ஒரு கனத்த சட்டை. படத்துக்கு மூன்று வரி எழுதுவது என் வேலை. அந்தச் சட்டை எதற்கு என்று தெரியாமல் எழுதக் கூடாது என்பதால் விசாரித்தேன். உள்ளே காற்றுப்பை இருக்கிறது. ஒரு பொத்தானை அழுத்தினால் காற்று நிறையும், ஆள் மேலே வரலாம். இன்னொன்றை அழுத்தினால் காற்று வெளியேறும், கீழே இறங்கலாம். இரண்டுக்கும் நடுவில் எடையே இல்லாத ஓர் இடம் உண்டு. ‘மிதவைச் சட்டை’ என்று பெயர் வைத்து மூன்று வரியை எழுதி அனுப்பினேன். படத்தின் பிரதி ஒன்றை மட்டும் என் பையில் வைத்துக்கொண்டேன்.

அந்தப் படம் எடுத்த தீவில், கடலுக்குள் இறங்கப் பயிற்சி கொடுக்கும் இடத்துக்குத் தொலைபேசியில் பேசினேன். மழைக்காலத்துக்கு முன் வந்தால் சேர்த்துக்கொள்வதாகச் சொன்னார்கள். வெள்ளானூர்ப் பக்கம் ஒரு பம்புசெட் கிணற்றில் நீந்தப் பழகியிருந்தேன், அது போதும் என்றார்கள். ஆனால் அவர்களிடம் இருந்த சட்டைகள் எல்லாம் வெளிநாட்டு ஆண்களின் அளவு. ஒல்லியாக இருப்பவர்கள் சொந்தமாகக் கொண்டுவந்தால் நல்லது என்று அந்தக் குரல் சொன்னது.

அப்பா ராணுவ உடுப்பு தைக்கும் தொழிற்சாலையில் டெய்லர். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து ஆவடிக் குவார்ட்டர்ஸில் குடியேறியவர். அம்மா ஒரேயடியாக முடியாது என்றாள். அப்பா ஒரு நிபந்தனை சொன்னார்.

“சட்டை சரியா இருந்தாப் போயிட்டு வரட்டும். பனிமலையில நிக்கிறவனையும் சட்டைதான காப்பாத்துது?”

அம்பத்தூர் எஸ்டேட்டில், சிலிண்டர்களைத் தண்ணீர் அழுத்தத்தில் சோதிக்கும் ஒரு பட்டறை இருந்தது. மூடிப்போன ஒரு முக்குளிப்புப் பயிற்சிப் பள்ளியின் சாமான்கள் அங்கே விற்பனைக்குக் கிடந்தன. ஞாயிற்றுக்கிழமை நானும் அப்பாவும் போனோம். அப்பா சட்டைப் பையில் இஞ்சு டேப் வைத்திருந்தார். பட்டறைக்காரர் அதைப் பார்த்துச் சிரித்தார்.

“இன்னா நைனா, டேப்பெல்லாம் எடுத்துகினு வந்துகீறே? ஜவுளிக்கடைன்னு நெனச்சுகினியா?”

“உடம்புல போடுறதுன்னா அளவு வேணும்லா தம்பி,” என்றார் அப்பா.

எனக்கு ஏற்ற மிதவைச் சட்டைகள் இரண்டு இருந்தன. சின்னதை முதலில் போட்டேன். பட்டறைக்காரர் குழாயை மாட்டிக் காற்றை நிரப்பினார். விலாவைச் சுற்றி ஒரே அளவாகப் பிடித்தது. ரயில் கூட்டம் தாங்குவது போலவே இருந்தது, ஆனால் யாரும் இல்லை. அப்பா என்னைக் கையைத் தூக்கச் சொன்னார், குனியச் சொன்னார், மூச்சை இழுக்கச் சொன்னார். மூச்சு கொஞ்சம் இடித்தது. அடுத்தது ஒரு அளவு பெரியது, சாம்பல் நிறம். தோளில் மெத்தென்று உட்கார்ந்தது, எங்கும் இறுக்கமில்லை.

“இதுதான் வசதி. இதை எடு,” என்றார் அப்பா.

“நைனா, தண்ணிக்குள்ள போறவன்லாம் டைட்டா கேட்டுத்தான் வாங்குவான். லூசா இருந்தா ஊதுனதும் காதாண்ட ஏறிக்கும். பாப்பா கீழ கீது, சட்டை மேல கீதுன்னு ஆய்டும்.”

“இன்னைக்கு இருக்க உடம்பா நாளைக்கு இருக்கும்? கல்யாணம் ஆனா சதை போடும். லூசா இருந்தாப் பிடிச்சுக்கிடலாம்.”

எங்கள் வீட்டில் தைத்த அன்றைக்கே அளவாக இருந்த துணி என்று எதுவும் கிடையாது. பள்ளிச் சீருடையிலிருந்து ரவிக்கை வரை எல்லாவற்றிலும் உள்ளே துணி விட்டிருப்பார். வருஷத்துக்கு ஒரு தையல் பிரித்தால் போதும். சாம்பல் நிறச் சட்டையை மடித்து என் கையில் கொடுத்தார். ஒன்று மட்டும் அவருக்குப் பிடிக்கவில்லை. அந்தச் சட்டையை உள்பக்கம் திருப்பிப் பார்க்க முடியவில்லை.

“ஓரத்துல தையலே இல்ல. ஒட்டி வச்சிருக்கான். எத்தனை நாளைக்குத் தாங்கும்?” என்று பஸ்ஸில் சொல்லிக்கொண்டே வந்தார்.

அடுத்த வாரம் தடித்த ஊசி போட்டு, இரண்டு பக்கமும் பிடித்துத் தைத்தார். பீரோக் கண்ணாடி முன் போட்டுப் பார்த்தேன். உடம்போடு ஒட்டி நின்றது. அதற்கு முன்னும் பின்னும் அவ்வளவு சரியான ஒன்றை நான் அணிந்ததில்லை.

“கடலுக்குள்ள யாரு பாக்கப் போறா, இவ்வளவு எடுப்பா தச்சுக் குடுத்திருக்கீக?” என்றாள் அம்மா. அவள் இந்த விஷயத்தில் சிரித்தது அன்றுதான். நான் அன்றே அலுவலகத்தில் விடுப்புக் கேட்டேன்.

வாயால் ஊதும் குழாய் ஒன்று அதில் உண்டு. ஊதி, நாற்காலியில் மாட்டிவிட்டுக் காபி குடிக்கப் போனேன். திரும்பி வந்தபோது சட்டை தோள் தொங்கி உட்கார்ந்திருந்தது. மறுபடி ஊதினேன், மறுபடி தொங்கியது. அப்பா அதைத் தூக்கிக்கொண்டு, பின்பக்கம் துணி துவைக்கும் சிமென்ட் தொட்டிக்குப் போனார். சைக்கிள் டியூபை அமுக்குவது போலத் தண்ணீருக்குள் அமுக்கினார்.

குமிழிகள் வந்தன. இடப்பக்கம் ஒரு வரிசை, வலப்பக்கம் ஒரு வரிசை. ஒரு குமிழிக்கும் அடுத்த குமிழிக்கும் ஒரே இடைவெளி, எங்கும் கோணல் இல்லை. அவர் போட்ட தையல் அப்படியே தண்ணீருக்கு மேல் எழுந்து வந்தது.

“என்னண்ணே, பஞ்சரா?” என்று பக்கத்து வீட்டுக்காரர் மதில் மேலிருந்து கேட்டார்.

கடைசிக் குமிழி வரும்வரை அப்பா கையை எடுக்கவில்லை.

பிளேடால் தையலைப் பிரித்தார். பழைய சைக்கிள் டியூபைத் துண்டு துண்டாக வெட்டி, ரப்பர் பசை தடவி, ஓட்டை ஓட்டையாக ஒட்டினார். ஒவ்வொரு ஞாயிறும் தொட்டிக்குக் கொண்டுபோனார். ஒரு இடம் அடைபட்டால் இன்னொரு இடம் கசிந்தது. தீவிலிருந்து ஒருமுறை அலுவலகத்துக்குப் பேசினார்கள். அவர்களுடைய பெரிய சட்டையைப் போட்டுக்கொண்டே நான் இறங்கியிருக்கலாம். அப்பாவும் போகாதே என்று சொல்லவில்லை. ஆனால் அவர் தொட்டியருகே குந்தி உட்கார்ந்திருந்தபோது பெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்புவது எப்படி என்று எனக்குத் தெரியவில்லை. மழை தொடங்கியது. விடுப்பை ரத்து செய்தேன். அடுத்த பருவத்துக்குள் எனக்குக் கல்யாணம் ஆகிவிட்டது.

அப்பா இப்போது இல்லை. சட்டை என்னோடு பூந்தமல்லி வந்து, பரணில் இருக்கிறது. சென்ற மாதம் ஏதோ தேடும்போது கையில் பட்டது. இரு பக்கமும் கறுப்பு ஒட்டுகள், பசை காய்ந்து ஓரம் எழும்பியிருந்தன. போட்டுப் பார்த்தேன். பிடிக்கவே வேண்டியதில்லை. தோளிலும் விலாவிலும் அளவாக இருந்தது. அப்பா விட்ட இடம் முழுவதும் நான் நிறைந்திருந்தேன்.

வீட்டில் யாரும் இல்லை. குழாயை வாயில் வைத்து, முகம் சூடாகும்வரை ஊதினேன். காற்று நிறைந்து எல்லாப் பக்கமும் என்னைப் பிடித்தது. கண்களை மூடி, படத்தில் இருந்த அந்தப் பெண்ணைப் போலக் கைகளைக் கட்டிக்கொண்டேன். ஒட்டுகளின் வழியே மெல்லிய சத்தம் வந்தது. அது நிற்கும்வரை அசையாமல் இருந்தேன்.