பெயர்த் தகடு இல்லாத பாத்தி

இரண்டாம் உலக யுத்தம் முடிந்த மறு வருஷம், ஐப்பசி மழைக்காலம். மயிலாப்பூரில் கடற்கரையை ஒட்டிய எங்கள் பங்குக் கோவில் பள்ளிக்கூடத்தில் நான் மூன்றாம் வகுப்பு டீச்சர். ரேஷன் கடையில் கால் கடுக்க நின்று வாங்கி வரும் அரிசியில் பாதி கல்லும் பாதி புழுவுமாக இருந்த காலம் அது. வீட்டுக்கு வீடு பசியைப் பற்றியே பேச்சாக இருந்ததாலோ என்னவோ, எங்கள் பங்குச் சாமியாருக்கு ஒரு யோசனை தோன்றியது.

கோவிலுக்குப் பின்னால் வெறும் மணல் மேடு ஒன்று உண்டு. எழுபது வருஷத்துக்கு முன் வந்த தாது வருஷத்துப் பஞ்சத்தில் கஞ்சி கிடைக்கும் என்று கேள்விப்பட்டு எங்கெங்கிருந்தோ நடந்து வந்து, இங்கே விழுந்து செத்தவர்களை அங்கேதான் மொத்தமாகப் புதைத்தார்கள் என்று சொல்வார்கள். கல்லறைத் திருநாள் வந்தால் நாங்கள் அவரவர் குடும்பக் கல்லறைக்குச் சுண்ணாம்பு அடித்து, பூ வைத்து, மெழுகுவத்தி ஏற்றுவோம். அந்த மேட்டுக்கு மட்டும் யாரும் ஒரு பூ வைத்ததில்லை. அதை ஒரு தோட்டமாக்குவோம், பஞ்சத்தில் ஆளை இழந்த ஒவ்வொரு குடும்பமும் ஒரு பாத்தி எடுத்துச் செத்தவர் நினைவாக எதையாவது நடட்டும், எந்தச் சாமியைக் கும்பிடுகிறவர்களும் வரலாம் என்று சாமியார் பூசையில் அறிவித்தார். கல்லறைத் திருநாள் காலையில் தோட்டத்தைத் தீர்த்தம் தெளித்து மந்திரிப்பதாக ஏற்பாடு.

பொறுப்பு என் தலையில் விழுந்தது. விழுந்தது என்ன, நானாகத்தான் இழுத்துப் போட்டுக்கொண்டேன். வரிசை, ஒழுங்கு என்றால் எனக்குக் கொஞ்சம் பைத்தியம். கயிறு பிடித்துப் பாத்தி கட்டினேன். தகரத்தை வெட்டி வெள்ளை அடித்து, செத்தவர் பெயரை ஒவ்வொன்றிலும் என் கையாலேயே எழுதினேன். என் கையெழுத்தைப் பற்றி எனக்கு அப்போது இருந்த கர்வத்தை நினைத்தால் சிரிப்பு வருகிறது. ரோஜா, நந்தியாவட்டை, கனகாம்பரம் என்று ஆளுக்கொன்றாகக் கொண்டுவந்து நட்டார்கள்.

ஒரு மத்தியானம் நொச்சிக்குப்பத்திலிருந்து மீன்கார அம்மா ஒருவர் காலிக் கூடையோடு வந்து நின்றார். நாற்பத்தைந்து வயது இருக்கும். எங்கள் தெருவில் மீன் விற்பவர்தான்.

"இன்னா டீச்சரம்மா, எங்க அத்தைக்கும் ஒரு எடம் குடுப்பியா?" என்று கேட்டார்.

அவருடைய அப்பா சின்ன வயதில், கைக்குழந்தையாக இருந்த தங்கையை இடுப்பில் தூக்கிக்கொண்டு செங்கல்பட்டுப் பக்கத்திலிருந்து நடந்தே வந்தாராம். இங்கே வந்து சேர்ந்ததும் குழந்தை செத்துவிட்டது. அப்பாவைக் குப்பத்தில் ஒரு வீட்டார் சேர்த்துக்கொண்டார்கள்.

தகடு எழுத வேண்டுமே, அத்தை பெயர் என்ன என்று கேட்டேன்.

"யாருக்குத் தெரியும்? நைனா பாப்பா, பாப்பான்னுதான் சொல்லும்."

"பாப்பான்னு எழுதினா யாருன்னு தெரியும்? பேர் இல்லாம தகடு எழுத முடியாதும்மா," என்றேன்.

"எடத்த மட்டும் குடு, போதும்," என்றார். கடைசி வரிசையில், மதில் ஓரமாக ஒரு பாத்தியைக் காட்டிவிட்டு நான் என் வேலையைப் பார்க்கப் போய்விட்டேன். அவர் என்ன நட்டார் என்றுகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

பத்து நாள் விட்டு விட்டு மழை. திருநாளுக்கு முந்தின சாயங்காலம் எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்க்கப் போனேன். கடைசி வரிசையில் ஒரு பாத்தி முழுக்கச் சாரணைக் கீரை மண்டிக் கிடந்தது. மழை பெய்தால் மணலில் தானாகப் படருமே, அதேதான். அதைப் போய் யாராவது நடுவார்களா? எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. அத்தனையையும் பிடுங்கி, பக்கத்தில் கட்டியிருந்த காவல்காரர் வீட்டு ஆட்டுக்குப் போட்டேன். பாத்தியைச் சமன் செய்து மூன்று குரோட்டன்ஸ் நட்டுவிட்டுத் திருப்தியாக வீட்டுக்குப் போனேன். மீன்கார அம்மாவின் நினைவே எனக்கு வரவில்லை. தகடு இல்லாத பாத்தி எனக்கு ஆள் இல்லாத பாத்தி, அவ்வளவுதான்.

மறுநாள் காலை எல்லோருக்கும் முன்னால் வந்தது அவர்தான். துவைத்த புடவை, கையில் ஓர் அகல் விளக்கு, ஒரு செம்பு தண்ணீர். குரோட்டன்ஸ் முன்னால் நின்று இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். மதிலிலிருந்து எண்ணிப் பார்த்தார்.

"என் பாத்தி எங்க கீது டீச்சரம்மா?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. "இங்க வெறும் களைதானேம்மா இருந்தது?" என்றேன்.

"களை இல்லம்மா, சாரணை. நான்தான் வச்சேன். வழி நெடுக அது ஒண்ணுதான் கெடச்சுதாம். உப்புகூட இல்லாம அவிச்சு, கொளந்தைக்கு ஊட்டிக்கினே வந்துச்சாம் நைனா. சாவறப்ப வாயில அதான் இருந்துச்சாம். அதுக்கப்பறம் நைனா சாரணைய வாயில வெச்சதில்ல. எங்கள மிதிக்கவும் வுடாது."

நின்ற இடத்திலேயே அழுதேன். ஆட்டுக்குப் போட்டுவிட்டேன் என்பதை மட்டும் எப்படியோ சொன்னேன்.

அவர் விளக்கைக் கீழே வைத்துவிட்டு ஆட்டிடம் போனார். அதன் வயிற்றில் கையை வைத்துப் பார்த்தார்.

"செனையா கீது. அப்ப ரெண்டு வயித்துக்குப் போயிருக்குது," என்றார். "வுடு டீச்சரம்மா, அழுவாத. சாமியார் வர்றதுக்கு நேரம் கீதா?"

அரை மணி நேரம் இருந்தது. பள்ளிக்கூட மதில் ஓரம் சாரணை உண்டு என்பது, வாரம் தவறாமல் பிள்ளைகளை விட்டுப் பிடுங்கச் சொல்லும் எனக்குத் தெரியாதா? திருநாளுக்குக் கட்டிய பட்டுப் புடவையோடு ஈர மணலில் மண்டியிட்டேன். "வேரோட எடு, வேரோட எடு," என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். குரோட்டன்ஸைப் பிடுங்கி எறிந்துவிட்டு, இருவருமாகச் சாரணையை நட்டோம். செம்புத் தண்ணீரை அவர் ஊற்றினார். நான் பள்ளிக்கூடத்துக்கு ஓடிப்போய், மீதி இருந்த தகடு ஒன்றில் 'பாப்பா' என்று எழுதிக்கொண்டு வந்தேன். அவசரத்தில் எழுத்து கோணிப்போனது. அதைத் திருத்த எனக்குத் தோன்றவில்லை.

சாமியார் கடைசிப் பாத்திக்கு வந்து, தகட்டை வாசித்தார். பிறகு தீர்த்தம் தெளித்துவிட்டுப் போனார்.

"இன்னா எழுதிக்கீது அதுல?" என்று அந்த அம்மா கேட்டார். அவருக்குப் படிக்கத் தெரியாது.

"பாப்பான்னு எழுதியிருக்கேன்."

அவர் குனிந்து, ஈரம் காயாத எழுத்தின் மேல் விரலை வைத்தார். விரலில் கறுப்புப் பெயிண்ட் ஒட்டிக்கொண்டது. எதைத் தொட்டாலும் முந்தானையில் துடைத்துக்கொள்ளும் அந்தக் கை, அன்று துடைத்துக்கொள்ளவில்லை. அந்த விரலை மடக்கிப் பிடித்தபடியே குப்பத்துக்கு நடந்து போனார்.

அந்த மழைக்காலம் முழுக்கச் சாரணை வரப்பைத் தாண்டி ரோஜாப் பாத்திகளுக்குள்ளும் படர்ந்தது. பார்த்தவர்கள் என்னைக் குறை சொன்னார்கள்; நான் அதைப் பிடுங்கவில்லை. எத்தனையோ வருஷம் பிள்ளைகளோடு தோட்ட வேலை செய்துவிட்டேன், ஆனால் அன்றிலிருந்து இன்றுவரை "இதை யார் வைத்தது?" என்று ஒரு தடவை கேட்காமல் எந்தச் செடியின் மேலும் என் கை போனதில்லை.