கடிகாரம் குகை பார்க்கப் போனது

ரயில் ஓட்டுநர்களின் ஓய்வறையில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. கடிகாரம் என்பார்கள். இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு நாளும் தாமதமாக வந்ததில்லை என்பது ஒரு காரணம். எதைக் கேட்டாலும் ஒரு விநாடி தள்ளித்தான் பதில் வரும் என்பது இன்னொன்று. "டிக் கேட்டுடுச்சு, டாக்குக்காகக் காத்திருக்கோம்" என்று உதவி ஓட்டுநர் கிண்டல் செய்வார்.

சம்பவம் நடந்த அன்று பக்கத்தில் உட்கார்ந்திருந்ததும் அதே உதவி ஓட்டுநர்தான். காலை பதினொன்றே கால், பளிச்சென்று வெயில். சரக்கு ஏற்றிய வண்டி. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஒரு ஆள் தண்டவாளத்தைக் கடந்துகொண்டிருந்தார். ஹாரன் அடித்தாயிற்று, பிரேக்கும் போட்டாயிற்று. அந்தப் பாரத்தோடு வண்டி நிற்க முக்கால் கிலோமீட்டர் ஆனது. ஆள் பிழைக்கவில்லை.

உதவி ஓட்டுநர் இறங்கி ஜல்லியில் உட்கார்ந்து அழுதார். கடிகாரம் அழவில்லை. விசாரணைக்கு வேண்டிய அறிக்கையை ஓர் அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதிக் கொடுத்தார். அவர் மேல் தவறில்லை என்று மூன்றாம் நாளே முடிவாகிவிட்டது. சம்பவத்தன்று வீட்டுக்கு வந்தவர், மின்விசிறி கடகடவென்கிறது என்று ஏணி போட்டு ஏறி அதைச் சரி செய்தார். அவருடைய மனைவி பள்ளிச் சீருடை தைக்கும் கூடத்தில் பொத்தானுக்குக் காஜா எடுக்கும் மெஷினில் வேலை பார்ப்பவள், லேசில் பயப்படாதவள். ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்ற அந்தப் பத்து நிமிஷம் அவளே பயந்துபோனாள்.

அலுவலகத்தில் மூன்று வாரம் விடுப்பு கொடுத்தார்கள். மனநல ஆலோசகரிடமும் அனுப்பினார்கள். "எப்படி இருக்கீங்க?" என்று அவர் கேட்டதற்கு, "நல்லா இருக்கேன்" என்றார் கடிகாரம். அது பொய்யில்லை. பல் பிடுங்கிய பிறகு கன்னத்தைத் தொட்டால் வேறு யாருடைய கன்னமோ என்று தோன்றுமே, அப்படி உடம்பு முழுக்க இருந்தது. வலி எங்கேயும் இல்லை, சாப்பாட்டில் உப்புகூடத் தெரியவில்லை.

குளிர்சாதனப் பெட்டி பழுதுபார்க்கும் மச்சினன் ஒரு நாள் தன் பழைய வேனோடு வந்து நின்றான்.

"மாமா, நாலு நாள் வெளியூர் போயிட்டு வருவோம். சுண்ணாம்புக் குகை இருக்கு, பூமிக்கு அடியில குடைஞ்ச பழைய ஊர் இருக்கு."

அக்காக்காரிக்குக் கோபம் வந்தது. "ஆளே இருண்டு போயிக் கிடக்காரு. நீ இருட்டுக்குள்ள கூட்டிட்டுப் போறேங்கிறியே, அறிவிருக்கா உனக்கு?"

"மேல எங்க போனாலும் தண்டவாளம் கண்ணுல படும்க்கா. கீழ படாது."

கடிகாரம் ஒரு விநாடி கழித்து, "போகலாம்" என்றார்.

முதல் நாள் பார்த்தது சுண்ணாம்புக் குகை. கூரையிலிருந்து தொங்கும் கல் விழுதுகளைக் காட்டி, இது யானை, இது குடை பிடித்த பெண் என்று வழிகாட்டி சொல்லிக்கொண்டே போனார். மச்சினன் ஒரு மொட்டைப் பாறையைப் பார்த்து, "அப்படியே எங்க முதலாளி" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். கடிகாரத்துக்கு எல்லாம் கல்லாகவே தெரிந்தது.

மறுநாள் அந்தப் பூமிக்கடி ஊர். ஏழு அடுக்கு. எதிரிக்குப் பயந்து ஒரு கூட்டம் பாறையைக் கையாலேயே குடைந்து, ஆடுமாடுகளோடு உள்ளே போய் மாதக்கணக்கில் இருந்ததாம். தானியக் கிடங்கு, கிணறு, மேலே வரைக்கும் போகும் காற்றுக் குழாய், உள்ளிருந்து மட்டுமே உருட்டி அடைக்கக்கூடிய வட்டக் கல் கதவு. விளக்கு வைத்த மாடங்களில் கரி இன்னும் இருந்தது. தன்னையறியாமல் அவர் அதில் விரல் வைக்கப் போக, "தொடாதீங்க சார்" என்றாள் வழிகாட்டிப் பெண். கையை எடுத்துக்கொண்டார்.

மூன்றாம் அடுக்கிலிருந்து நான்காம் அடுக்குக்குப் போகும் வழி, ஒருவர் பின் ஒருவராகக் குனிந்து போகவேண்டிய சந்து. கடிகாரத்துக்கு முன்னால் பருத்த உடம்புக்காரர் ஒருவர், ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியை. அவருடைய தங்கை குடும்பமும் வழிகாட்டியும் வளைவைத் தாண்டிப் போய்விட்டார்கள். பின்னால் மனைவி, மச்சினன், அப்புறம் பத்துப் பன்னிரண்டு பேர். நடுவழியில் டீச்சர் பொத்தென்று உட்கார்ந்துவிட்டார்.

"என்னால முடியாது. காத்து இல்ல."

பின்னாலிருந்து, "என்ன ஆச்சு, நகருங்க" என்று குரல்கள். யாரோ தள்ளினார்கள். ஒரு குழந்தை சிணுங்கியது. கடிகாரம் திரும்பி, "எல்லாரும் அப்படியே உக்காருங்க. யாரும் தள்ளாதீங்க" என்றார். சத்தமாகச் சொல்லவில்லை. ஆனாலும் உட்கார்ந்தார்கள்.

பிறகு டீச்சரிடம், "காத்து இருக்கு. என் முகத்துல படுது" என்றார்.

"பேசிட்டே இருங்க சார். எதையாவது பேசுங்க."

அவருக்கு எதையாவது பேசத் தெரியாது. தெரிந்தது இஞ்ஜின் பேச்சு ஒன்றுதான். முன்னால் தெரியும் ஒவ்வொரு சிக்னலையும் ஒருவர் வாய்விட்டுச் சொல்ல, மற்றவர் அதையே திருப்பிச் சொல்லவேண்டும். டீச்சரின் தோளுக்கு மேலாக டார்ச்சை நீட்டிப் பார்த்தார்.

"பத்தடி நேர் பாதை. திருப்பிச் சொல்லுங்க."

"எதுக்கு?"

"திருப்பிச் சொன்னாத்தான் வண்டி நகரும்."

டீச்சர் மூச்சு வாங்கினார். "பத்தடி நேர் பாதை."

"இடது பக்கம் வளைவு. தலை குனியணும்."

"இடது பக்கம் வளைவு. தலை குனியணும்." தவழ ஆரம்பித்தார்.

"மூணு படி, இறக்கம்."

இந்த முறை டீச்சரோடு பின்னாலிருந்து மச்சினனும் சொன்னான். அடுத்ததற்கு வரிசை முழுக்கச் சொன்னது. "வலது பக்கம் பள்ளம்", "வலது பக்கம் பள்ளம்" என்று வாய்ப்பாடு ஒப்பிப்பதுபோல ஒரு கூட்டம் பூமிக்கடியில் ஊர்ந்து போனது. சந்து முடிந்து தானியக் கிடங்கின் அகலத்துக்கு வந்தபோது கைதட்டினார்கள். கடிகாரம் மணியைப் பார்த்தார். பதினெட்டு நிமிஷம். அவ்வளவுதான், வேறொன்றும் தோன்றவில்லை.

வெளியே வந்ததும் டீச்சர் நேராக அவர்கள் இருந்த சிமெண்டு பெஞ்சுக்கு வந்து உட்கார்ந்தார். முழங்கால் இரண்டிலும் மண்.

"என்ன வேலை பாக்கறீங்க?"

"ரயில் ஓட்டறேன்."

"அதான் பயமே இல்ல உங்களுக்கு."

ஒரு விநாடி போயிற்று. இன்னும் இரண்டு மூன்று போயின. "பயம் வரலைங்க. எதுவுமே வர்றதில்ல" என்றார்.

முப்பது வருஷம் பிள்ளைகளின் சாக்குப்போக்குகளைக் கேட்டவர் டீச்சர். சாக்கு எது, விஷயம் எது என்று அவருக்குத் தெரியும். "எப்போதிலிருந்து?" என்றார்.

"பதினேழு நாளா."

அப்புறம் அவரே சொன்னார். அறிக்கையில் எழுதாத பகுதி. மனைவி பக்கத்திலேயே இருந்தாள், தண்ணீர் பாட்டிலின் மூடியைக் கையில் வைத்துக்கொண்டு.

"ஹாரன் அவர் காதுல விழுந்துச்சு. சைக்கிளை விட்டுட்டு ஓடியிருக்கலாம். பின் சக்கரம் தண்டவாளத்துல சிக்கிக்கிச்சு, அதை எடுக்கப் பாத்தார். ஒரு தடவை நிமிர்ந்து என்னைப் பாத்தார். கோபம் இல்ல, பயமும் இல்ல. கை வேலையா இருக்கறப்ப யாராவது கூப்பிட்டா ஒரு பார்வை பாப்போமே, 'இரு, வந்துட்டேன்'னு. அந்த மாதிரி."

டீச்சர், "சரி" என்றார். முழங்கால் மண்ணைத் தட்டிவிட்டுக்கொண்டார். பிறகு தங்கை வீட்டுக்காரர் கூப்பிட, டீச்சர் எழுந்து போனார். முகவரி வாங்கவும் இல்லை, கொடுக்கவும் இல்லை.

"என்கிட்ட சொல்லலியே" என்றாள் மனைவி.

"சொல்லக்கூடாதுன்னு இல்ல. உனக்கு எதுக்குன்னு..."

"எனக்குத்தான் முதல்ல சொல்லணும்" என்றாள். மூடியைப் பாட்டிலில் வைத்துத் திருகினாள்.

மறுநாள் இன்னொரு குகை பாக்கி இருந்தது. கடிகாரம் வரவில்லை என்றார். மச்சினன் மட்டும் போனான். அவர் வேனின் பின்சீட்டில் படுத்து மூன்று மணி நேரம் வாய் பிளந்து தூங்கினார். ஜன்னல் வழியே வெயில் விழ, மனைவி துண்டைக் கண்ணாடியில் செருகிப் பார்த்தாள், அது நிற்கவில்லை. கடைசியில் அந்தப் பக்கம் வெளியே போய் அவளே வெயிலை மறைத்து நின்றுகொண்டாள்.

ஊர் திரும்பியதும் ஒரேயடியாக எல்லாம் சரியாகிவிடவில்லை. பெட்டிகளை மாற்றிக் கோக்கும் ஷண்டிங் யார்டில் வேலை கேட்டு வாங்கி, ஐந்து மாதம் நடை வேகத்தில் இஞ்ஜினை முன்னும் பின்னும் ஓட்டினார். அழுதாரா என்றால், அவள் பார்த்தவரை இல்லை. யார்டிலிருந்து ஒரு நாள் அவரே மெயின் லைனுக்கு மாற்றச் சொல்லி எழுதிக் கொடுத்தார். இப்போது பயணிகள் வண்டி. சில நாள் சாப்பிட உட்கார்ந்தால் குழம்பில் உப்பு தூக்கல் என்கிறார். "நாக்கு நீளமாயிடுச்சு" என்று அவள் எரிந்து விழுகிறாள், மறுநாள் ஒரு சிட்டிகை குறைத்துப் போடுகிறாள்.