மெயினை அணைச்சுட்டு வந்தேன்

பீங்கான் சூளையில வேலை பார்த்த எங்க வூட்டுக்காரரை மூச்சுத்திணறலோட பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில சேர்த்தோம். ஆக்சிஜன் மாஸ்க்கைப் பிடுங்கிப் பிடுங்கிப் போட்டாரு. "பாட்டு வை புள்ள"ன்னாரு.

சமைக்கிறப்ப நான் பாடுறதைப் பதிஞ்சு, எங்க மவன் விருத்தாசலத்து வூட்டுல ஒரு கம்ப்யூட்டர் பொட்டியில வெச்சிருக்கான். எந்த ஊர்ல இருந்தாலும் நெட்டு வழியா போன்ல கேக்கலாம். அன்னைக்குப் பார்த்து வட்டம் சுத்துச்சே தவிர பாட்டு வரலை.

சென்னையில இருந்த மவன் அவரு போன்ல சொல்லச் சொல்ல, என் போன்ல டேட்டாவை அணைச்சு மறுபடி போட்டேன், போனையே அணைச்சுப் போட்டேன்.

"பொட்டிக்குக் கரண்டு இருக்குதாம்மா?"

"எனக்குத் தெரியாதா? இருக்குதுடா."

சொன்ன பொறவுதான் நெனப்பு வந்துச்சு. வெளியூர் கெளம்பினா கரண்டு மெயினை அணைச்சுட்டுப் பூட்டுறது என் வழக்கம். சாவி என் இடுப்புல இருக்குது. மவன்கிட்ட சொல்ல வாய் வரலை.

அவரு மறுபடி மாஸ்க்கைப் பிடுங்கினாரு. வெளியாளுங்க முன்னாடி பாடவே மாட்டேன்னு வீம்பா இருந்தவ, வார்டு நடுவுல நின்னு பாடினேன். பாதியில குரல் உடைஞ்சிடுச்சு.

"பொட்டி இப்படித் தப்பாப் பாடாது புள்ள."

"பேசாம மாஸ்க்கை மாட்டிக்கிட்டு கேளுங்க."

மாட்டிக்கிட்டாரு. பொழைச்சும் வந்துட்டாரு.

இப்பவும் வெளியூர் போனா மெயினை அணைச்சுட்டுத்தான் பூட்டுறேன். பாடுறதுக்கு நான்தான் கூடப் போறேனே.